பதில் யாருக்கு, பெயர்ப்பு யாருடையது: சூசன் ஹெரிங்கும் மோனா பேக்கரும்

1993ஆம் ஆண்டில் மொழியியலின் இரண்டு ஓரங்களில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்றை எழுதியவர் அமெரிக்காவின் சூசன் ஹெரிங். கணினிவழி நடக்கும் உரையாடலில் ஆண்களும் பெண்களும் சமமாகப் பேச முடிகிறதா என்று எண்ணிப் பார்த்த கட்டுரை அது. மற்றொன்றை எழுதியவர், எகிப்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து பணியாற்றிய மோனா பேக்கர். பெருந்தொகையான உரைகளைக் கணினியில் திரட்டி ஆராயும் தரவக மொழியியலை மொழிபெயர்ப்பு ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும் என்று, ஜான் சின்க்ளேருக்காக வெளிவந்த பாராட்டுத் தொகுப்பில் அவர் வாதிட்டார். இவர் துறை வேறு, அவர் துறை வேறு. இருந்தாலும் இருவர் எழுத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்றில் விட்டுப்போனதை மற்றொன்று கேட்பது போல இருக்கிறது.

இந்த ஒப்பீட்டுக்கு என்னைத் தூண்டியது ஒரு நடைமுறைக் கவலை. தமிழர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது இன்று கைபேசியில்தான் அதிகம். அந்த எழுத்தை வேற்று மொழிக்காரர் படிக்க நேர்ந்தால், நடுவில் நிற்பது பெரும்பாலும் இயந்திர மொழிபெயர்ப்பு. இணையத்தில் நடக்கும் பேச்சை எப்படி ஆராய்வது என்று ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பை எப்படி ஆராய்வது என்று இன்னொருவர் அதே காலத்தில் உழைத்திருக்கிறார். இயந்திரம் செய்யும் வேலையில் இருவருடைய கேள்விகளும் சேர்ந்தே எழுகின்றன. ஆனால் இருவரையும் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு.

இருவரும் கையில் எடுத்தவை அன்று மதிப்பில்லாத சரக்குகள். கணினியில் தட்டச்சு செய்து அனுப்பும் செய்தி எழுத்தும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், பிழைகள் மலிந்த அரைகுறை மொழியாகத் தெரிந்தது. மொழிபெயர்ப்புக்கு வேறு வகையான புறக்கணிப்பு. ஒரு மொழியின் இயல்பைக் காட்டும் தரவகத்தைத் தொகுத்தவர்கள், மொழிபெயர்க்கப்பட்ட நூல்களை அதில் சேர்க்கத் தயங்கினார்கள். அது கலப்பட மொழி, மூலமொழியின் நிழல் விழுந்த மொழி என்பது காரணம். ஹெரிங்கும் பேக்கரும் தத்தம் இடத்தில் சொன்னது ஒன்றே: இது எதனுடைய குறைப்பிரதியும் இல்லை; இதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு; அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹெரிங்கைப் பற்றித் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இணைய மொழி ஆய்வின் முன்னோடி என்று உலகம் அறிந்த அவர், 1991இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்றது தமிழ் குறித்த ஆய்வுக்காக. தமிழில் கதை சொல்லும்போது வினைச்சொற்கள் என்னென்ன பணி செய்கின்றன என்பதே அந்த ஆய்வின் பொருள். அதே ஆண்டு வெளியான இன்னொரு கட்டுரையில், பதிலை எதிர்பாராமல் தமிழர்கள் கேட்கும் கேள்விகள் மெல்ல மெல்ல இலக்கண உறுப்புகளாக மாறுவதை ஆராய்ந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். "அவன் வரல. ஏன்? உடம்பு சரியில்ல" என்று ஒருவர் சொல்கிறார். கேள்வியும் அவருடையது, விடையும் அவருடையது. கேட்பவரின் வாயில் வரவேண்டிய கேள்வியை அவரே எடுத்துக் கேட்டுக்கொள்கிறார். இந்தப் பழக்கம் இறுகிப்போனால் "ஏன்னா" என்ற இணைப்புச் சொல் கிடைக்கிறது. அதேபோல, "நேத்து ஒருத்தர் வந்தாரு இல்ல, அவரு போன் பண்ணாரு" என்கிறோம். அந்த "இல்ல" கேள்வியாகத் தொடங்கி, "நேற்று வந்த அவர்" என்ற பெயரெச்சத் தொடரின் வேலையைச் செய்கிறது. பேச்சுத் தமிழின் இலக்கணத்துக்குள்ளேயே கேட்பவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் தலையாட்டாமல் வாக்கியம் நகர்வதில்லை. எடுத்துக்காட்டுகள் என்னுடையவை, அவற்றைப் பார்க்கும் கோணத்தைத் தந்தவர் ஹெரிங்.

தமிழிலிருந்து இணையத்துக்கு அவர் தாவியது துறைமாற்றமாகச் சொல்லப்படுவதுண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. கேட்பவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்வியைத்தான் அவர் திண்ணையிலிருந்து திரைக்கு எடுத்துப்போனார்.

1990களின் தொடக்கத்தில் கணினிவழி உரையாடல் பற்றிப் பெரிய நம்பிக்கை நிலவியது. முகம் தெரியாது, உடை தெரியாது, குரல் கேட்காது. ஆகவே ஆண், பெண், பதவி, நிறம் ஆகிய வேறுபாடுகள் அங்கே மறைந்துவிடும் என்று பலர் எழுதினார்கள். ஹெரிங் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை, எண்ணிப் பார்த்தார். கல்வியாளர்கள் பங்கேற்ற மின்னஞ்சல் விவாதங்களை எடுத்துக்கொண்டு, யார் எத்தனை செய்தி அனுப்பினார்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எதற்குப் பதில் வந்தது, எது கேட்பாரற்றுப் போனது என்று கணக்கிட்டார். ஆண்களின் செய்திகள் எண்ணிக்கையிலும் நீளத்திலும் மிகுந்திருந்தன. பெண்கள் தொடங்கிய பேச்சுக்குப் பதில் குறைவாக வந்தது. ஒரு விவாதத்தில் இரண்டு நாள்கள் மட்டும் பெண்களின் பங்கு ஆண்களின் பங்கை விஞ்சியது. உடனே சில ஆண்கள், குழுவை விட்டு விலகப்போவதாக மிரட்டினார்கள். படித்தவர்கள், சமத்துவம் பேசியவர்கள் கூடிய இடத்தில் இது நடந்தது.

இந்த ஆய்வில் நான் மிக மதிப்பது பதிலையும் ஒரு தரவாக எடுத்துக்கொண்டதை. செய்தியின் உள்ளே என்ன சொற்கள் இருக்கின்றன என்று பார்ப்பது ஒன்று. அந்தச் செய்திக்குப் பிறகு என்ன நடந்தது, அல்லது ஒன்றுமே நடக்காமல் போனதா என்று பார்ப்பது வேறொன்று. மௌனத்தையும் கணக்கில் சேர்க்க முடியும் என்று காட்டியவர் அவர்.

1999இல் வெளியான கட்டுரையில் இன்னொரு சிக்கலை எடுத்தார். நேரில் பேசும்போது கேள்விக்கு அடுத்தது விடை. கணினித் திரையில் செய்திகள் வந்துசேரும் வரிசையில்தான் தெரியும். ஆகவே கேள்விக்கும் விடைக்கும் நடுவில் வேறு பேச்சுகள் புகுந்துவிடுகின்றன. தொடர்பு அறுந்து, தலைப்பு சிதறி, ஒழுங்கில்லாத இடமாகத் தோன்றும். இருந்தும் மக்கள் அங்கே கூடுகிறார்கள், சிரிக்கிறார்கள், விளையாடுகிறார்கள். குழப்பத்தைச் சமாளிக்கும் வழிகளை அவர்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பதை அவர் காட்டினார்.

ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவைக் கற்பனை செய்வோம். மறுநாள் எல்லாரும் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

அண்ணி: நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறோம்?
சித்தி: அப்பாவுக்கு மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?
அண்ணன்: ஆறு
அண்ணி: அவ்வளவு சீக்கிரமாவா?
சித்தி: அப்ப வாங்க வேண்டாம், போதும்
அண்ணன்: அது கிளம்புற நேரம் சித்தி. மாத்திரை ரெண்டு நாளைக்குத்தான் வரும்

மூன்றாம் வரியைத் தனியே எடுத்தால் அது ஓர் எண்ணாகவும் இருக்கலாம், நதியாகவும் இருக்கலாம். எண் என்று தெரிந்தாலும் மணியா, நாளா என்று தெரியாது. குழுவில் இருந்தவர்களே ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். குழப்பம் தீர்ந்தது கடைசி வரியில். தீர்த்து வைத்தது "சித்தி" என்ற விளி. அந்த ஒரு சொல், பதில் யாரை நோக்கியது என்று சுட்டுகிறது. உறவுமுறைச் சொல் இங்கே மரியாதைக்கு மட்டும் வரவில்லை. சிதறிய பேச்சை மறுபடி கோக்கும் ஊசி வேலையையும் அது செய்கிறது. ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது "சித்தி" தேவையில்லாத அலங்காரம் என்று கழன்றுவிட்டால், அந்த வரி யாருக்கு என்ற தகவலும் கழன்றுவிடும்.

2007இல் ஹெரிங் ஒரு வகைப்பாட்டுத் திட்டம் தந்தார். ஊடகம் தொடர்பான கூறுகள் பத்து, சூழல் தொடர்பான கூறுகள் எட்டு. செய்தி உடனுக்குடன் போகிறதா, அழியாமல் நிற்கிறதா, எவ்வளவு நீளம் அனுமதிக்கப்படுகிறது, பெயர் மறைக்கலாமா என்பவை முதல் வகை. யார் பேசுகிறார்கள், எதற்காக, என்ன தொனியில், எந்த மொழியில் என்பவை இரண்டாம் வகை. இந்தப் பட்டியலை முழுதும் இங்கே விரிக்கத் தேவையில்லை. இணைய மொழி என்று ஒன்று தனியாகக் கிடையாது, ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நடை என்பதே இதன் விளைவு. எமோஜி, ஸ்டிக்கர் போன்றவற்றை அவர் பின்னாளில் ஆராய்ந்தபோதும் இதே கோட்பாட்டில் நின்றார். படம் என்ன என்பதை விட, அந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்பதே அவர் கேள்வி. கைகூப்பும் படம் இரங்கல் செய்தியின் கீழே ஒன்று, கல்யாண அழைப்பின் கீழே வேறொன்று என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இனி பேக்கர். 1992இல் வெளியான அவருடைய பாடநூல் உலகெங்கும் மொழிபெயர்ப்பு வகுப்புகளில் பயன்பட்டது. 1993 கட்டுரையின் துணிச்சல் வேறு வகை. அதுவரை மொழிபெயர்ப்பை ஆராய்ந்தவர்களில் பலர் மூலத்தை ஒரு கையிலும் பெயர்ப்பை மறு கையிலும் வைத்துக்கொண்டு பிழை தேடினார்கள். பேக்கர், மூலத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்கச் சொன்னார். மொழிபெயர்க்கப்பட்ட ஆங்கிலத்தையும் மொழிபெயர்க்கப்படாத ஆங்கிலத்தையும் ஒப்பிட்டால், மொழிபெயர்ப்பு என்ற செயலே விட்டுச்செல்லும் தடங்கள் தெரியும் என்றார். மான்செஸ்டரில் அவர் உருவாக்கிய மொழிபெயர்ப்பு ஆங்கிலத் தரவகம் சுமார் 1 கோடிச் சொற்களுக்கு வளர்ந்தது. அதில் நாவல், வாழ்க்கை வரலாறு, செய்தித்தாள், விமானத்தில் கிடைக்கும் இதழ் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு உரையோடும் மொழிபெயர்த்தவர் யார் என்ற விவரமும் பதிவானது.

2000இல் மேவ் ஒலோஹனும் பேக்கரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒரு சின்னஞ்சிறு புள்ளியைத் தொட்டது. ஒருவர் இன்னது சொன்னார் என்று எழுதும்போது, நம் "என்று" போன்ற ஓர் இணைப்புச் சொல்லை ஆங்கிலத்தில் போடலாம், விடவும் செய்யலாம். தமிழில் அந்தச் சுதந்திரம் கிடையாது. மொழிபெயர்க்கப்பட்ட ஆங்கிலத்தில் அந்தச் சொல் கூடுதலாக வருகிறது என்று அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். மொழிபெயர்ப்பவர் தம்மை அறியாமலே எல்லாவற்றையும் வெளிப்படையாக்கிவிடுகிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். எல்லா மொழிபெயர்ப்புக்கும் பொதுவான இயல்பு இப்படி உண்டா என்பதைப் பலர் மறுத்தார்கள்; ஜூலியான் ஹவுஸ் 2008இல் அப்படி எதுவும் இல்லை என்றே வாதிட்டார். மூலமொழியின் பாதிப்பாகவும் இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. அந்த விவாதம் முடியவில்லை. முடியாவிட்டாலும், இரண்டு வகை ஆங்கிலமும் ஒன்றில்லை என்ற உண்மை நிலைத்துவிட்டது.

அதே 2000இல் பீட்டர் புஷ், பீட்டர் கிளார்க் என்ற இரு மொழிபெயர்ப்பாளர்களின் நடையைப் பேக்கர் ஒப்பிட்டார். புஷ் ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிகளிலிருந்தும் கிளார்க் அரபியிலிருந்தும் பெயர்ப்பவர்கள். "சொன்னான்" போன்ற வினையை ஒவ்வொருவரும் எப்படிக் கையாளுகிறார் என்பது போன்ற நுணுக்கங்களில் தனித்த கைரேகை தெரிகிறதா என்று தேடினார். அந்த வேறுபாடு ஆளுடையதா, அரபியுடையதா என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். மொழிபெயர்ப்பாளருக்கும் நடை உண்டு, அவரும் எழுத்தாளரே என்பதை நிறுவ எண்களைக் கொண்டே போராடியவர் என்பதற்காக இந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன்.

பிறகு பேக்கர் திசை மாறினார். 2006இல் வெளியான நூலில், மோதல் நடக்கும் இடங்களில் மொழிபெயர்ப்பு எப்படிச் செயல்படுகிறது என்று கேட்டார். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கும் மொழிபெயர்ப்பும் ஒரு கதையைக் கட்டலாம் என்பது அவர் வாதம். வேறு காலத்திலும் இடத்திலும் பொருத்துவது, வேண்டிய பகுதியை மட்டும் தெரிந்தெடுப்பது, பெயர் சூட்டுவது, பங்கேற்பவர்களை இடம் மாற்றி நிறுத்துவது என்று நான்கு வழிகளை விளக்கினார். 2010இல் மெம்ரி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மொழிபெயர்ப்புகளைப் பற்றி எழுதியபோது, சொற்களில் பிழை தேடிப் பயனில்லை, எந்தெந்தப் பேச்சை அவர்கள் எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார்.

அந்த நான்காவது வழியில்தான் இருவரும் ஒரே புள்ளிக்கு வருகிறார்கள். பங்கேற்பவர்கள் யார், ஒருவருக்கொருவர் எந்த நிலையில் நிற்கிறார்கள் என்பது ஹெரிங்கின் சூழல் கூறுகளில் முக்கியமானது. அந்த நிலையை மொழிபெயர்ப்பு மாற்றிவிடுகிறது என்பது பேக்கரின் கவனிப்பு. "வாங்க", "வா", "வாடா", "வாப்பா" என்ற நான்கும் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரே சொல்லாக அமுங்கும். திரும்பித் தமிழுக்கு வரும்போது சிக்கல் பெரிது: ஆங்கிலத்தில் இல்லாத மரியாதையை எவராவது முடிவு செய்தாக வேண்டும். மாணவி ஆசிரியருக்கு எழுதியது "நீ வா" என்று வந்து நின்றால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு மனிதர்களை இடம் மாற்றி நிறுத்தியாகிவிட்டது.

2017 அக்டோபரில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த இரண்டு துறைகளும் சந்திக்கும் முனையில் நிற்கிறது. மேற்குக் கரையில் கட்டடத் தொழிலாளியான ஒரு பாலஸ்தீனர், புல்டோசர் மீது சாய்ந்து நிற்கும் தம் படத்தை ஃபேஸ்புக்கில் இட்டு, அரபுப் பேச்சு வழக்கில் காலை வணக்கம் எழுதினார். தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் "அவர்களைத் தாக்கு" என்ற பொருளில் தந்தது. இஸ்ரேலியக் காவல்துறை அவரைக் கைது செய்தது. அரபி அறிந்த அதிகாரி எவரும் கைதுக்கு முன் அந்த இடுகையைப் படிக்கவில்லை. சில மணி நேரம் கழித்து அவரை விடுவித்தார்கள். ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. ஹாரெட்ஸ் நாளிதழ் இதை வெளியிட்டது.

ஹெரிங்கின் கண்ணால் பார்த்தால், அந்த இடுகையின் இடமே பொருளைச் சொல்லிவிடும். காலை நேரம், வேலையிடம், தன்னைத் தானே காட்டும் படம், நண்பர்களை நோக்கிய ஒற்றைச் சொல். உலகம் முழுதும் கோடிக்கணக்கானோர் தினமும் செய்யும் ஒரு சடங்கு அது. கீழே நண்பர்கள் என்ன பதில் எழுதியிருந்தாலும் அதைப் படித்திருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும். பேக்கரின் கண்ணால் பார்த்தால் கேள்வி வேறு பக்கம் திரும்பும். ஒரு பாலஸ்தீனரும் ஒரு புல்டோசரும் சேர்ந்த படத்தைப் பார்த்ததும் அச்சத்தின் கதை ஒன்று ஏற்கெனவே தயாராக இருந்தது. தவறான சொல் அதில் அச்சாகப் பொருந்தியது. அதனால்தான் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. மனித மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்த வரிக்குப் பெயர் கொடுத்திருந்தால் அவரிடம் கேட்டிருக்கலாம். இங்கே கேட்க ஆளில்லை. இரண்டு வாசிப்பில் எது சரி என்று கேட்பது வீண். முதலாவது இல்லாமல் பிழை எங்கே நடந்தது என்று தெரியாது. இரண்டாவது இல்லாமல் பிழை ஏன் கைவிலங்காக மாறியது என்று தெரியாது.

இந்த இடத்தில் தமிழுக்கு வருகிறேன். இயந்திரங்கள் தமிழை எவ்வளவு நன்றாகப் பெயர்க்கின்றன என்று அளக்கப் பரவலாகப் பயன்படும் தொகுப்புகளில் ஒன்று, மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஃப்ளோரஸ்-200. அதில் 3001 வாக்கியங்கள் உள்ளன. விக்கிச் செய்தி, விக்கிப் பயணக் குறிப்பு, சிறுவர்களுக்கான விக்கி நூல் ஆகியவற்றின் ஆங்கிலக் கட்டுரைகளிலிருந்து எடுத்து, தமிழ் உள்பட ஏறத்தாழ 200 மொழிகளில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு பெயர்த்தவை அவை. உழைப்பு பெரிது, நோக்கமும் நல்லது. ஒரே வாக்கியத்தை இத்தனை மொழிகளில் நிறுத்தி ஒப்பிட வேறு எளிய வழி இல்லை.

ஆனால் அந்தத் தொகுப்பில் இருக்கும் தமிழ் எது? ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழ். பேக்கர் தனியாகப் பிரித்து ஆராயச் சொன்ன அதே வகை மொழி. தமிழில் அதன் தடங்களைக் கண்டுபிடிக்கக் கணினியும் வேண்டாம். தேவையில்லாத இடத்தில் "ஒரு", செய்தவரைப் பின்னால் தள்ளும் "-ஆல் -ப்பட்டது", உம்மை போதுமான இடத்தில் "மற்றும்" ஆகியவை பத்திரிகை அலுவலகங்களில் மெய்ப்புத் திருத்துபவர்கள் நாள்தோறும் அடித்து எறிபவை. இத்தகைய தமிழை அளவுகோலாக வைத்தால், அதற்கு நெருங்கி எழுதும் இயந்திரம் நல்ல மதிப்பெண் பெறும். தமிழ் தமிழாக எழுதும் இயந்திரம் வந்தால் அது மதிப்பெண் இழக்கவும் கூடும்.

அந்தத் தமிழில் கேட்பவர் எவரும் இல்லை. கலைக்களஞ்சிய நடையிலான செய்தி வாக்கியத்தில் "இல்ல?" என்று தலையாட்டக் கேட்க ஆளில்லை, "ஏன்னா" வர இடமில்லை, சித்தியும் அண்ணியும் இல்லை. ஹெரிங் தம் ஆய்வு வாழ்வின் தொடக்கத்தில் தமிழில் கண்ட முக்கியமான பண்பு அதில் ஒரு துளியும் கிடையாது. இப்படி அளந்து தேறிய இயந்திரத்தைத்தான் நம் பின்னூட்டங்களின் அடியில் நிறுத்துகிறார்கள். அது படிக்கவேண்டிய எழுத்தோ ரோமன் எழுத்தில் ஓடும் தமிழ், பாதி ஆங்கிலம், பாதி வட்டார வழக்கு, நடுவில் ஒரு திரைப்பட வசனத்தின் துண்டு.

இந்தக் குறையை உணர்ந்து உழைப்பவர்கள் இருக்கிறார்கள். 2020இல் பாரதி ராஜா சக்கரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் யூடியூபிலிருந்து 15,744 தமிழ்-ஆங்கிலக் கலப்புப் பின்னூட்டங்களைத் திரட்டி, உணர்வு வகைப்படி குறித்துப் பொதுவில் வைத்தார்கள். மக்கள் உண்மையில் எழுதும் தமிழை ஆய்வுக்குள் கொண்டுவந்த முக்கியமான வேலை. அதில் ஒவ்வொரு பின்னூட்டமும் தனித்தனியே பாராட்டா, திட்டா, கலவையா என்று முத்திரை பெறுகிறது. அடுத்த கட்டம், அது யாருக்குப் பதில் என்பதையும் சேர்த்துக் குறிப்பது. "தலைவா, நீ எங்கயோ போயிட்ட" என்பது தன்னளவில் பாராட்டு. தோற்ற படத்தைத் தற்காத்துப் பேசிய ஒருவருக்குப் பதிலாக வந்தால் அது குத்தல்.

இரண்டு ஆய்வாளர்களிடமும் எனக்கு மனக்குறை உண்டு. ஹெரிங்கின் தரவுகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலம். அவரும் பிரெண்டா டானெட்டும் 2007இல் தொகுத்த பன்மொழி இணையம் பற்றிய நூல் அந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றது. இருந்தாலும் ஒரு மொழிப் பேச்சு இன்னொரு மொழிக்குள் எப்படிப் போகிறது என்ற கேள்வி அவர் மேசையின் நடுவுக்கு வரவேயில்லை. தமிழை அறிந்த ஒருவர் அதைக் கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது. பேக்கர் எண்களை விட்டுக் கதைக்கு வந்தபோது அறம் பற்றிப் பேசும் வலிமை கிடைத்தது. சரிபார்க்கும் வசதி குறைந்தது. ஒரு மொழிபெயர்ப்பு எந்தக் கதையைக் கட்டுகிறது என்பதில் இரு வாசகர்கள் வேறுபட்டால், தீர்த்துவைக்க என்ன வழி? தரவகக் காலத்துப் பேக்கரிடம் அதற்கு விடை இருந்தது. பின்னாளில் அவர் வழிநடத்திய அறிவு மரபுகள் பற்றிய திட்டத்தில் தரவகங்கள் திரும்பி வந்தன, இணைய உரைகளும் அதில் இடம்பெற்றன. அதை நல்ல திரும்பல் என்றே கருதுகிறேன்.

ஆனால் அவருடைய பிற்கால ஆய்வு ஒன்று ஹெரிங்கின் 1993 கட்டுரைக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. 2011 எகிப்தியப் புரட்சியின்போது கெய்ரோவில் மொசிரீன் என்ற குழு காணொளிகளை எடுத்து இணையத்தில் வெளியிட்டது. தன்னார்வலர்கள் அவற்றுக்கு ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் வசனவரி எழுதினார்கள். தலைவர் இல்லை, எல்லாரும் சமம் என்ற கொள்கையோடு இயங்கிய வட்டம் அது. அங்கேகூட மொழிபெயர்ப்பு, படம் முடிந்தபின் சேர்க்கும் ஒட்டுவேலையாகவே கருதப்பட்டது என்றும், வசனவரி எழுதியவர்கள் முடிவெடுக்கும் வட்டத்துக்கு வெளியே நின்றார்கள் என்றும் பேக்கர் 2016இல் எழுதினார். சமத்துவம் பேசிய இடத்தில் யார் குரல் கேட்கிறது என்று இருவரும் தனித்தனியே போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் கண்டது பதில் கிடைக்காத பெண்களை. இன்னொருவர் கண்டது பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர்களை.

தமிழ் இணையப் பேச்சை மொழிபெயர்த்துச் சோதிக்க ஒரு நல்ல தொகுப்பு வேண்டுமானால், இருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. தனி வாக்கியங்களை விட்டு முழு உரையாடல்களை எடுக்க வேண்டும். ரோமன் எழுத்தில் இருப்பதை அப்படியே விட வேண்டும். யாருக்கு யார் என்ன உறவு என்பது குறிக்கப்பட வேண்டும். ஒரே உரையாடலை மதுரைப் பேச்சு அறிந்த ஒருவரும் யாழ்ப்பாணப் பேச்சு அறிந்த ஒருவரும் தனித்தனியே பெயர்க்க வேண்டும், இருவர் முடிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் மட்டும் இருவர் மரபும் எதிரெதிரே நிற்கின்றன. மொழிபெயர்த்தவரின் பெயர் பதிவாக வேண்டும் என்பது பேக்கர் தரவகத்தின் வழி. பேசியவரின் பெயரை மறைக்க வேண்டும் என்பது இணைய உரையாடலை ஆராய்பவர்களின் பழக்கம். இரண்டையும் ஒரே தொகுப்பில் கடைப்பிடிக்கலாம். தொல்லை அதில் இல்லை. ஒரு குழு உரையாடல் ஆறு பேருடையது. ஐந்து பேர் சம்மதித்து ஒருவர் மறுத்தால் அவர் வரிகளை மட்டும் உருவிவிட முடியாது, ஏனென்றால் மற்றவர்களின் பதில்கள் அந்த வரிகளின் மேல்தான் நிற்கின்றன. அந்த உரையாடலை முழுதாக விட்டுவிட்டு அடுத்ததைத் தேட வேண்டும். தொகுப்பு சின்னதாகத்தான் இருக்கும், ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளிலும் மொழியியல் துறைகளிலும் இதைச் செய்யக்கூடிய மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே கைபேசி இருக்கிறது. ஒப்புதல் படிவத்தை நல்ல தமிழில் எழுதுவதிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.